ஃபுல் இன்சூரன்ஸ் போட்டும் கையிலிருந்து 30,600 போனது ஏன்?

காட்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். வாங்கி மூன்று வருடம் நான்கு மாதம் ஆன சின்ன கார், 1197 சிசி. பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி வேலூரை நோக்கி வரும்போது முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் அடித்திருக்கிறது. இவர் போய் அதன் பின்பக்கம் மோதிவிட்டார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, காரின் முகம்தான் போய்விட்டது. பட்டறை பில் 84,600. கம்பெனி கொடுத்தது 54,000. மீதி 30,600 இவர் கையிலிருந்து. "முதலில் ஏஜென்ட் மூலம் போட்டது, போன ரினீவலை நானே போனில் செய்தேன். ஃபுல் இன்சூரன்ஸ்தான். என்னை ஏமாற்றிவிட்டார்களா?" பட்டறை பில், சர்வேயர் போட்ட கணக்கு இரண்டையும் படமெடுத்து அனுப்பியிருந்தார்.

நான் வேலூர்ப் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக வாகனச் சேதங்களை மதிப்பிடும் சர்வேயர் வேலை பார்க்கிறவன். எனவே பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பகுதி ஏமாற்று இல்லை, உங்கள் பாலிசியில் அச்சடித்திருப்பதுதான். ஆனால் ஒரு வரியில் 6,000 ரூபாய் தப்பாகக் கழித்திருக்கிறார்கள். அது உங்களுக்கு வர வேண்டிய பணம். இன்னொரு 1,500 நீங்களே கேட்காமல் விட்டது. எப்படி என்று பார்ப்போம்.

'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று எந்த பாலிசியிலும் எழுதியிருக்காது. அது ஏஜென்ட்களும் பட்டறைக்காரர்களும் நாமும் சேர்ந்து உண்டாக்கிய பெயர். காகிதத்தில் இருப்பது 'பேக்கேஜ் பாலிசி'. அதற்குள் இரண்டு பாதி. ஒன்று தேர்ட் பார்ட்டி: உங்கள் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் காயம், உயிரிழப்பு, பொருள் சேதம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவுப்படி இது கட்டாயம். இதன் பிரீமியத்தை அரசு நிர்ணயிப்பதால் எந்தக் கம்பெனியில் போட்டாலும் ஒரே தொகை. 2022 ஜூனில் உங்கள் சிசி வகைக்கு 3,416 ரூபாய் என்று வைத்தார்கள். இன்னொரு பாதி ஓன் டேமேஜ், அதாவது சொந்த வண்டிக்கு ஆகும் சேதம். இது கட்டாயமில்லை. 2007 முதல் இதன் பிரீமியத்தை ஒவ்வொரு கம்பெனியும் தானே வைத்துக்கொள்கிறது. போனில் நான்கு கம்பெனி விலை பார்க்கும்போது நான்கு விதமாக வருவது இதனால்தான். இந்த இரண்டு பாதியும் இருந்தால் அதற்கு 'ஃபுல்' என்று பெயர். பில் முழுக்கக் கிடைக்கும் என்று அர்த்தமில்லை.

ஒரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. ஓன் டேமேஜில் தப்பு யார்மேல் என்ற கேள்வியே கிடையாது. லாரிக்காரர் திடீரென்று நிறுத்தினாரா, நீங்கள் இடைவெளி விடாமல் போனீர்களா என்பதெல்லாம் போலீஸுக்கும் தீர்ப்பாயத்துக்கும் உள்ள விஷயம். உங்கள் கம்பெனி பார்ப்பது இவ்வளவுதான்: வெளியிலிருந்து திடீரென்று வந்த அடியா, பாலிசி உயிரோடு இருந்ததா, ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்ததா, குடித்திருந்தாரா, என்ன உபயோகத்துக்கு வண்டி ஓடியது.

சரி, பில்லுக்கு வருவோம்.

பில்லை மேலிருந்து கீழே படித்தால் உங்களுக்கு பம்பர், பானட், ஹெட்லைட் என்று தெரியும். சர்வேயர் கண்ணுக்குத் தெரிவது பிளாஸ்டிக், இரும்பு, கண்ணாடி, கூலி. ஒவ்வொரு பொருளுக்கும் தேய்மானக் கழிவு வேறு. இந்தக் கணக்கு 2002இல் வந்த இந்திய மோட்டார் டாரிஃப் விதிகளிலிருந்து வருவது, பிரீமியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும் அநேகமாக எல்லா பாலிசியிலும் இதையே பார்க்கலாம். ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், ட்யூப், பேட்டரி, ஏர்பேக் என்றால் வண்டி நேற்று வாங்கியதாக இருந்தாலும் 50% கழிவு. ஃபைபர் கிளாஸுக்கு 30%. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. மற்ற பாகங்களுக்கு, முக்கியமாக இரும்புக்கு, வண்டியின் வயதைப் பொறுத்து: ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை, ஒரு வருடம் வரை 5%, இரண்டு வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50.

மூன்றிலிருந்து நான்கு வயதுக்குள் இருக்கிறது உங்கள் கார். அதாவது இரும்புக்கு 25%. நாலு மாதம் முன்னால் மோதியிருந்தால் 15தான். மோதுவதற்கு நல்ல நாள் பார்க்க முடியாது, என்ன செய்வது.

உங்கள் பில்லில் முன் பம்பர் 6,000. பிளாஸ்டிக், பாதி போய் 3,000. கிரில்லும் அதைச் சேர்ந்த சில்லறைப் பிளாஸ்டிக்கும் 3,000, அதில் 1,500. ஹெட்லைட் ஒன்று 9,000. பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரி இருக்கும், இன்றைய ஹெட்லைட்டின் முகமும் பின்கூடும் பிளாஸ்டிக்தான், அதனால் 4,500. பானட் 12,000, இரும்பு, கால்பங்கு போய் 9,000. இடது ஃபெண்டர் 4,000, அதில் 3,000. ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் சேர்த்து 14,000, அதில் 10,500. முன் கண்ணாடி 7,000, அப்படியே 7,000. கழற்றி மாட்டிய கூலி, டிங்கரிங் எல்லாம் 11,000. கூலிக்குத் தேய்மானம் கிடையாது, முழுசாக 11,000. கூலன்ட், ஏசி கேஸ், போல்ட், கிளிப் என்று 2,600. இதையெல்லாம் 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்று ஒதுக்கிவிடுவார்கள், உங்களுக்கு பூஜ்யம். இதுவரை சர்வேயர் போட்டது எல்லாம் சரி.

இப்போது பெயிண்டிங். பில்லில் 16,000. சர்வேயர் கணக்கில் பாதி கழித்து 8,000 என்று இருக்கிறது. இங்கேதான் இடறியிருக்கிறார்கள். பெயிண்டுக்கு 50% கழிவு உண்டு, ஆனால் அது பெயிண்ட் என்ற சரக்கின் விலைக்கு மட்டும். பட்டி போட்டுத் தேய்த்து அடித்தவர் கூலிக்கு இல்லை. பட்டறைக்காரர் சரக்கையும் கூலியையும் பிரிக்காமல் ஒரே தொகையாக எழுதியிருந்தால், மொத்தத்தில் 25% சரக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. 16,000த்தில் கால்பங்கு 4,000. அதில் பாதி 2,000 மட்டுமே கழிய வேண்டும். உங்களுக்கு வர வேண்டியது 14,000. வித்தியாசம் 6,000.

இது கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை. சின்ன கிளெய்ம்களில் இப்போது பாதி இடத்தில் நேரில் யாரும் வருவதில்லை, படத்தைப் பார்த்துக் கணினியில் கணக்குப் போடுகிறார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் போகும் மோட்டார் சேதத்துக்கு உரிமம் பெற்ற சர்வேயர் வேண்டும். அவருக்கும் ஒரு நாளில் ஏழு எட்டு வண்டி. 'பெயிண்ட், 50' என்று விரல் பழக்கத்தில் தட்டிவிட்டுப் போயிருக்கலாம். எப்படியிருந்தாலும் பணம் உங்களுடையது.

கூட்டிப் பாருங்கள். 84,600இல் உங்களுக்கு வர வேண்டியது 63,500. அதிலிருந்து கட்டாயக் கழிவு 1,000. 1500 சிசி வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் இது நம் பங்கு, அதற்கு மேல் சிசி என்றால் 2,000. பிறகு 'வாலன்டரி டிடக்டிபிள்' என்று 2,500 கழித்திருக்கிறார்கள். இது நீங்களே வாங்கி வைத்தது. போனில் ரினீவல் செய்தபோது 'பிரீமியத்தைக் குறைக்க இதைத் தேர்வு செய்யுங்கள்' என்று ஒரு கட்டம் வந்திருக்கும். சில நூறு ரூபாய் குறைந்ததே என்று தட்டியிருப்பீர்கள். அதன் பொருள், ஒவ்வொரு விபத்திலும் கட்டாயக் கழிவுக்கு மேல் இன்னும் 2,500 நான் போட்டுக்கொள்கிறேன் என்பது. பதினைந்து வருடமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவர்களுக்கு அது லாபம். பெங்களூர் நெடுஞ்சாலையில் தினமும் லாரிக்குப் பின்னால் போகிறவர் அதைத் தொடக் கூடாது என்பது என் எண்ணம். ஆக, 60,000 வந்திருக்க வேண்டும், 54,000 வந்திருக்கிறது.

ஏஜென்ட் உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதையே வேறு: "சார், ஜீரோ டெப் சேர்க்கட்டுமா?" அதாவது தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பு. அது இருந்திருந்தால் மேலே சொன்ன பாதியும் கால்பங்கும் கழிந்திருக்காது. உங்கள் பில்லில் மட்டும் 18,500 மிச்சம். கன்ஸ்யூமபிள்ஸ் கவரும் இருந்தால் அந்த 2,600உம் வந்திருக்கும். கையிலிருந்து போயிருப்பது 1,000உம் 2,500உம் மட்டுமே. பொதுவாக ஐந்து வயது வரையுள்ள வண்டிகளுக்கு ஜீரோ டெப் தருகிறார்கள், சில கம்பெனிகள் அதற்கு மேலும் தருகின்றன. வருடத்துக்கு இத்தனை கிளெய்ம் என்று சிலவற்றில் எண்ணிக்கை வரம்பு இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். நடுவில் சேர்க்க முடியாது, ரினீவலின்போதுதான். பிளாஸ்டிக் பம்பரும் பிளாஸ்டிக் விளக்கும் வைத்த இன்றைய கார்களுக்கு முதல் ஐந்து வருடம் ஜீரோ டெப் இல்லாமல் ஓடுவது, குடை வாங்கித் துணி போடாமல் கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டு போவது மாதிரி.

நீங்கள் லாரிமேல் மோதியதைப் பற்றிக் கேட்டீர்கள். ஆனால் நம் ஊரில் கார் அடிபடுவது ரோட்டில் மட்டும் இல்லை. அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் எருது விடும் விழா. வேடிக்கை பார்க்கப் போனவர் காரைத் தெருமுனையில் நிறுத்தியிருக்கிறார். வாடிவாசல் தாண்டி ஓடி வந்த காளை ஒன்று வழி தெரியாமல் கார் கதவில் கொம்பால் ஒரு போடு போட்டுவிட்டுப் போய்விட்டது. கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். கிளெய்ம் படிவத்தில் 'மோதிய எதிர் வாகனத்தின் விவரம்' என்ற இடத்தில் அவர் 'காளை, வெள்ளை நிறம், உரிமையாளர் தெரியவில்லை' என்று எழுதியிருந்தார். அலுவலகத்தில் சிரித்தார்கள், கொடுத்தும் விட்டார்கள். வெளியிலிருந்து தற்செயலாக வந்த அடி, அவ்வளவுதான் வேண்டும். தீ, இடி, வெள்ளம், புயல், நிலநடுக்கம், நிலச்சரிவு, திருட்டு, கலவரம், யாராவது வேண்டுமென்றே கல்லால் அடித்தது, வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோகும்போது ஆனது, எல்லாம் இதில் அடங்கும். ஏலகிரி ஏறும்போது மேலிருந்து பாறை உருண்டு விழுந்தாலும் சரி.

எது அடங்காது? தானாகத் தேய்ந்தது, தானாக நின்றுபோனது. மே மாதத்தில் வேலூர் வெயிலில் டயர் வெடித்தால் டயருக்கு மட்டும் பணம் கிடைக்காது. வெடித்து வண்டி தடுப்பில் மோதி வேறு சேதமும் ஆனால் அப்போது டயருக்கும் பாதி உண்டு. கிளட்ச் பிளேட் எரிந்தது, ஏசி கம்ப்ரசர் போனது, ஒயரிங்கில் கோளாறு, இதற்கெல்லாம் பட்டறைக்குத்தான் போக வேண்டும், கம்பெனிக்கு இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பொல்லாத இடம் இருக்கிறது. தண்ணீர்.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது நினைவிருக்கும். குடியாத்தத்தில் கவுண்டன்யா ஆற்றிலும் வெள்ளம். அந்த வாரம் முழுக்க எனக்குத் தண்ணீர் புகுந்த வண்டிகள்தான். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டில் இரண்டு கார். இரண்டிலும் சீட் வரைக்கும் தண்ணீர் ஏறிய கோடு கதவுப் பலகையில் ஒரே உயரத்தில் இருந்தது, யாரோ அளவு வைத்துப் பென்சிலால் இழுத்தது போல. முதல் வீட்டுப் பெரியவர் பேட்டரி ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, "நான் தொடவே மாட்டேன்பா, இஸ்துகினு போங்க" என்று சொல்லிவிட்டார். இரண்டாவது வீட்டில் மகனுக்கு அவசரம். தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகியிருக்கிறான். நாலு தடவை. நான் பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டரைக் கையில் எடுத்தபோது அது நனைந்த பன் மாதிரி இருந்தது. ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் ஆயில் நிறத்திலேயே இல்லை, பால் தூக்கலாகப் போட்ட டீ. உள்ளே கனெக்டிங் ராடு வளைந்திருந்தது.

காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் ஏதாவது ஒன்று வளைய வேண்டும், வளைவது ராடு. கம்பெனி என்ன சொல்லும் தெரியுமா? வெள்ளம் வண்டிக்குள் வந்தது விபத்து, அதற்குத் தருகிறோம். அதற்குப் பிறகு நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் ஆனது பின்விளைவு, அதற்குத் தர மாட்டோம். பெரியவருக்கு சீட், கார்பெட், சென்சார்கள், சுத்தம் செய்த கூலி எல்லாம் கிடைத்தது. அடுத்த வீட்டுக்கு அவையெல்லாம் கிடைத்தன, எஞ்சின் மட்டும் கிடைக்கவில்லை. எஞ்சின் பில்தான் பெரிய பில். 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் இதற்காகவே இருக்கிறது. ஆற்றோரத்திலும் ஏரி உபரிநீர் போகும் வழியிலும் வீடு கட்டியிருப்பவர்கள் ஜீரோ டெப்புக்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும். கவர் இல்லாதவர்களுக்கு வழி ஒன்றுதான், சாவியைத் தொடாமல் டோ வண்டியைக் கூப்பிடுவது. மழையில் சுரங்கப்பாதைத் தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால்கூட அப்படியே, இறங்கித் தள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத இரண்டு விஷயம், ஆனால் காட்பாடிக்காரருக்குச் சொல்லாமல் விடக் கூடாது.

ஒன்று ஓன் போர்டு வண்டியில் சவாரி. ஸ்டேஷனில் இறங்கும் வெளிமாநிலத்து நோயாளிகளையும் காலேஜ் பிள்ளைகளின் பெற்றோரையும் வெள்ளை போர்டு காரில் ஏற்றி வாடகை வாங்குகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். சொந்த உபயோகத்துக்கு என்று பாலிசி வாங்கி வாடகைக்கு ஓட்டும்போது அடிபட்டால் கம்பெனி மறுக்கும். 2010இல் இப்படி ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், முழுசாக மறுக்காமல் 75% கொடுங்கள் என்று சொன்னது. அதை நம்பி ஓட்டலாம் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த 75ஐ வாங்க அவர் டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

இரண்டு, செகண்ட் ஹேண்ட் கார். பெங்களூரிலிருந்து மலிவாக வருகிறதே என்று வாங்குகிறார்கள். ஆர்சி பெயர் மாற்றம் நடக்கிறது அல்லது நடந்துகொண்டே இருக்கிறது, பாலிசி மட்டும் பழைய ஆள் பெயரிலேயே கிடக்கிறது. தேர்ட் பார்ட்டி பாதி வண்டியோடு கூடவே உங்களுக்கு வந்துவிடும், சட்டம் அப்படி. ஓன் டேமேஜ் வராது. வண்டி கை மாறிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி மாற்றிக்கொள்ள வேண்டும். 1996இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்கிய இருபதாம் நாள் மரத்தில் மோதி, கையில் ஃபுல் இன்சூரன்ஸ் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு ரூபாய் வாங்க முடியாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வண்டி முழுசாகப் போனால் என்ன என்று ஒரு வரியில்: பாலிசியில் ஐடிவி என்று ஒரு தொகை இருக்கும், அதுதான் உச்சம். ஷோரூம் விலையிலிருந்து வயதுக்கு ஏற்பக் கழித்து வரும், வரியும் ரிஜிஸ்ட்ரேஷன் செலவும் அதில் சேராது. மூன்றிலிருந்து நான்கு வயது என்றால் 40% கழிவு, அதாவது 7 லட்சத்து வண்டிக்கு 4,20,000. ரிப்பேர் செலவு அதில் 75%ஐத் தாண்டினால் வண்டியை 'டோட்டல் லாஸ்' என்று எடுத்துக்கொண்டு ஐடிவியைத் தருவார்கள். கடன் பாக்கி இருந்தால் முதலில் பேங்குக்கு. பிரீமியம் குறைகிறதே என்று ஐடிவியைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள்.

இனி உங்கள் அடுத்த ரினீவல். மூன்று வருடம் கிளெய்ம் இல்லாததால் உங்களுக்கு 35% என்சிபி, அதாவது நோ கிளெய்ம் போனஸ் கிடைத்திருக்கிறது. அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும் படி. இந்த ஒரு கிளெய்மால் அடுத்த வருடம் பூஜ்யம். இந்தத் தள்ளுபடி ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும். அது 9,000 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருடம் 45% கிடைத்திருக்க வேண்டியது போனால் 4,050. அதற்கடுத்த வருடம் 50க்குப் பதில் 20, நஷ்டம் 2,700. மூன்றாம் வருடம் 50க்குப் பதில் 25, நஷ்டம் 2,250. மூன்று வருடத்தில் 9,000, ஜிஎஸ்டி தனி. வண்டி பழசாகும்போது பிரீமியமும் இறங்கும் என்பதால் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். உங்கள் 60,000த்துக்கு முன்னால் இது பெரிசில்லை, கிளெய்ம் போட்டது சரி. ஆனால் பார்க்கிங்கில் பம்பர் உரசி 5,000 ரூபாய் பில் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போகாதீர்கள். பாதி பிளாஸ்டிக்கில் போய், ஆயிரம் கட்டாயக் கழிவில் போய், கையில் 1,500 வரும், உங்களைப் போல வாலன்டரி டிடக்டிபிளும் வைத்திருந்தால் அதுவும் வராது, படியில் அடியிலிருந்து ஏற வேண்டும்.

வேறு கம்பெனிக்கு மாறினால் 'போன வருடம் கிளெய்ம் இல்லை' என்ற கட்டத்தை மட்டும் தட்டிவிடாதீர்கள். கம்பெனிகள் ஒருவருக்கொருவர் விசாரித்துக்கொள்கின்றன. பொய் சொல்லி வாங்கிய 45%, அடுத்த விபத்தில் ஓன் டேமேஜ் முழுவதையும் சாப்பிட்டுவிடும். இதே ரகத்தில் இன்னொன்று: லைசென்ஸ் இல்லாத மச்சான் ஓட்டி மோதிவிட்டு, "ஓட்னது நான்தான்னு எழுதிடலாம் சார்" என்பது. ஏர்பேக் வெடித்த சீட்டில் உட்கார்ந்தவர் யார், யாருக்கு நெஞ்சில் பெல்ட் தழும்பு என்று பார்ப்பதும் எங்கள் வேலைதான். ரினீவல் தேதியைத் தவற விடாதீர்கள். ஒரு நாள் தள்ளிப்போனாலும் வண்டியைக் காட்டி இன்ஸ்பெக்ஷன் செய்துதான் தருவார்கள், 90 நாள் தாண்டினால் சேர்த்து வைத்த போனஸ் மொத்தமும் போகும்.

இப்போது அந்த 6,000. கம்பெனியிடம் சர்வே ரிப்போர்ட்டின் நகலை மெயிலில் கேளுங்கள், கிடைத்ததும் இப்படி எழுதுங்கள்: "பெயிண்டிங் பில் ஒரே தொகையாக 16,000. பாலிசி விதிப்படி அதில் 25% மட்டுமே சரக்கு, 50% தேய்மானம் அதற்கு மட்டுமே பொருந்தும். கழிக்க வேண்டியது 2,000, கழித்தது 8,000. மீதி 6,000ஐத் தரவும்." அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், ஏமாற்று மோசடி என்று எழுதவே வேண்டாம். பட்டறையில் வண்டி எடுக்கும்போது 'திருப்தி' என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், போட்டிருந்தாலும் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் அதே கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு. 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதிலில் உங்களுக்குத் திருப்தி இல்லாவிட்டால், சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது கம்பெனிக்கு வெளியே இருக்கும் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. என் அனுபவத்தில் இந்த மாதிரி எண் பிழை அங்கே வரை போவதில்லை, இரண்டாவது மெயிலிலேயே முடிந்துவிடும்.

அப்புறம் அந்த 1,500. பள்ளிகொண்டாவிலிருந்து வண்டியை இழுத்து வர 4,000 கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் அனுப்பிய படங்களில் டோ வண்டி ரசீது இல்லை. விபத்தான இடத்திலிருந்து பட்டறைக்கு இழுத்து வரும் செலவில் 1,500 வரை உங்கள் பாலிசியிலேயே உண்டு, தனி கவர் வேண்டியதில்லை. காரின் டாஷ்போர்டிலோ சட்டைப் பையிலோ அந்தச் சீட்டு கிடக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் அதே மெயிலோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள். கிடைக்காவிட்டால் இழுத்து வந்தவரைக் கூப்பிட்டு இன்னொன்று எழுதி வாங்குங்கள், தேதியும் உங்கள் வண்டி எண்ணும் இருக்கட்டும்.